முகம் எவர் உடைமை? – கைவினைப் பாவைத் தலைகளை முன்னிறுத்தி ஓர் அறவியல் நோக்கு

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது தமிழர் நாவிற் பழகிய முதுமொழி. உடலின் ஏனைய உறுப்புகள் யாவும் ஒருவனை மனிதன் என்று மட்டுமே காட்டுவன. அவனை இன்னான் என்று காட்டுவது தலையே. இம்முதுமொழியின் உண்மையை எவரும் எதிர்பாராத ஓரிடத்திற் காணலாம். அது பொம்மைச் சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டி.

மேலை நாடுகளிலும் கிழக்காசிய நகரங்களிலும் வளர்ந்தோர் பலர் 'அக்ஷன் ஃபிகர்' என வழங்கும் வீரப் பாவைகளைச் சேகரித்து வருகின்றனர். இவற்றுட் பெரியவை மனித உருவின் ஆறிலொரு பங்கு அளவில், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைந்தவை. அவற்றின் உடலை ஆலை செய்கின்றது. தலையையும் ஆலையே செய்கின்றது. ஆயினும் ஆலைத் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, கைவினைஞர் ஒருவர் தனித்து வடித்து வண்ணந் தீட்டிய தலையொன்றை அக்கழுத்திற் பொருத்துவோர் பலர் உளர். உடல் ஆயிரத்தில் ஒன்றாக இருக்கலாம். தலை மட்டும் அவ்வாறு இருத்தலாகாது என்பது அவர்தம் துணிபு.

நான்கு சென்ரிமீற்றர் உயரமே உள்ள இத்தலையைச் சுற்றி ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. தாம் பல வாரங்கள் உழைத்து வடித்த தலையை வேறொருவர் வாங்கி, அதிலிருந்து அச்செடுத்து, நூற்றுக்கணக்கில் வார்த்து மலிவாக விற்கும்பொழுது, கைவினைஞர் அதனைக் களவு என்கிறார். ஆனால் அத்தலையில் உள்ள முகமோ ஒரு திரைப்பட நடிகருடையது. அந்நடிகரிடம் கைவினைஞர் பெரும்பாலும் இசைவு கேட்டதில்லை. கேளாது எடுத்தவர், தம்மிடமிருந்து கேளாது எடுத்தவரைக் கள்வர் என்று அழைக்கலாமா? முகம் எவர் உடைமை? சிறுபிள்ளைத்தனமானது போலத் தோன்றும் ஒரு பொருளிலிருந்து எழுந்தாலும் இவ்வினா சிறிதன்று. உடைமை, உழைப்பு, ஆள் என்னும் மூன்று பெருங் கருத்துகளும் இதனுள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

பாவையின் வரலாறு

1964 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹஸ்புறோ நிறுவனம் 'ஜீ. ஐ. ஜோ' என்னும் போர்வீரப் பாவையை வெளியிட்டது. ஆண்பிள்ளைகள் பொம்மையை வைத்து விளையாடார் என்று வணிகர் அஞ்சியமையால் 'பொம்மை' என்னும் சொல்லே விலக்கப்பட்டது. 'அக்ஷன் ஃபிகர்' என்னும் தொடர் அவ்விடத்திற் புகுந்தது. இப்பாவையின் வலக்கன்னத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது போர்க்களத்தின் நினைவுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. மனித உருவம் எவருக்கும் தனியுரிமையாதல் அரிது. ஆதலின் தன் பாவையைப் பிறர் படியெடுத்தால் அதனை இனங்காட்டிக் கொடுக்கக்கூடிய ஓர் அடையாளம் நிறுவனத்திற்கு வேண்டியிருந்தது. அந்த அடையாளமே தழும்பு. எவருடையதும் அல்லாத ஒரு முகத்தை ஒரு நிறுவனத்தின் உடைமையாக்கியது ஒரு பொய்க் காயம் என்பதை ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1970களில் மெகோ என்னும் நிறுவனம் பிறிதொரு வழியைக் கண்டது. ஒரே உடலைப் பெருந்தொகையாகச் செய்து, தலையையும் உடையையும் மட்டும் மாற்றி, வெவ்வேறு கதைமாந்தராக விற்பது அவ்வழி. செலவைச் சுருக்கும் பொருட்டு ஒரு வணிகர் கண்ட உபாயமே அது. எனினும் அதனுள் ஒரு மெய்யியற் கூற்றும் அடங்கியிருந்தது. உடல் பொது, தலை சிறப்பு. பிற்காலத்தில் ஹொங்கொங் நகரின் 'ஹொட் டோய்ஸ்' முதலிய நிறுவனங்கள் திரைப்பட நடிகரின் முகங்களை மயிர்க்கால் தெரியும் அளவு நுண்மையாக வார்த்து வெளியிடத் தொடங்கின. அவை அதற்கென உரிமம் பெற்றுப் பணமும் செலுத்துவன. ஆயினும் ஆலை செய்யாத முகங்கள் பல. ஆலை செய்தும் உயிர் பெறாத முகங்கள் அவற்றினும் பல. அவ்விடைவெளியிலேதான் தனிக் கைவினைஞரின் தொழில் தழைத்தது.

அத்தொழிலின் நுட்பத்தை அறியாது அதன் அறத்தை ஆராய்தல் இயலாது. கைவினைஞர் கம்பியால் ஒரு சிறு தண்டு செய்து, அதன்மேற் பொலிமர்க் களியை அப்பி, ஊசியும் பல்வைத்தியரின் நுண்கருவிகளுங் கொண்டு முகத்தை வடிக்கிறார். பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்கள் அவர் முன்னே விரிந்து கிடக்கும். வடித்து முடித்ததும் ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது போறணையில் இறுகும். பின்னர் அதனைச் சுற்றிச் சிலிக்கோனை ஊற்றி அச்செடுத்து, அவ்வச்சினுள் இருபாகக் கலவையான றெசினை வார்ப்பர். றெசின் சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஒரு சிலிக்கோன் அச்சு நெடுநாள் உழைக்காது. சில பத்து வார்ப்புகளின் பின் அதன் விளிம்புகள் கிழியத் தொடங்கும். இறுதியிலே வண்ணம். தோலின் நிறத்தை ஒரே பூச்சில் இடுவதில்லை. செம்மை, மஞ்சள், நீலம் என மெல்லிய படலம் படலமாக ஏற்றுவர். மனிதனின் கருவிழி ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் அகலமுடையது. ஆறிலொரு பங்கு அளவில் அது இரண்டு மில்லிமீற்றர். அவ்விரண்டு மில்லிமீற்றருள் நிறமும் ஒளியும் நோக்கும் அமைதல் வேண்டும். கண்ணின் மணியையும் தமிழர் பாவை என்றே அழைத்தனர். பாவையின் கண்ணுட் பாவையை வைக்கும் அந்தக் கணத்திலேயே றெசின் துண்டு ஒருவராக மாறுகின்றது என்று கூறின் மிகையாகாது.

மறுவார்ப்பாளருக்கு இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. முடிந்த தலை ஒன்றை வாங்கி அதன்மேற் சிலிக்கோனை ஊற்றுவதே அவர் தொழில். பிரதியின் பிரதி சற்றே சுருங்கும், நுண்கோடுகள் மழுங்கும், காற்றுக் குமிழிகள் பருக்களாக நிற்கும். ஆயினும் அது மலிவானது.

தலையே ஆளா?

முகத்தின் உடைமை பற்றிப் பேசுமுன் முகத்திற்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பைத் தெளிதல் வேண்டும். பதினோராம் நூற்றாண்டிற் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இடம்பெறும் வேதாளக் கதைகளுள் ஒன்று இதனையே வினாவுகின்றது. கணவனும் உடன்பிறந்தானும் தேவி கோயிலிலே தம் தலைகளை அரிந்துகொள்கின்றனர். தேவியின் அருளால் அவர்களை உயிர்ப்பிக்கும் வாய்ப்புப் பெற்ற பெண், பதற்றத்திலே தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகின்றாள். இவருள் கணவன் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. உறுப்புகளுள் தலையே தலைமையானது. ஆதலிற் கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது அரசனின் விடை. தோமஸ் மான் 1940 இலும் கிரிஷ் கர்னாட் 1971 இலும் இக்கதையை எடுத்து, அவ்விடை அத்துணை எளிதன்று எனக் காட்டினர். புராணமும் அரசனுக்கு மாறான ஒரு சான்றைத் தருகின்றது. பிள்ளையாரின் தலை மாறியது. ஆனால் உமையவள் மகனை இழந்துவிடவில்லை. யானைத் தலையுடன் நிற்பவனையும் அவள் தன் மகனாகவே கொண்டாள்.

யோன் லொக் 1694 இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பிற் பிறிதொரு விடையை முன்வைத்தார். ஓர் இளவரசனின் ஆன்மா தன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடலிற் புகுமாயின், ஊரார் கண்ணுக்கு அவன் செருப்புத் தைப்பவனே. ஆனால் ஆள் என்னும் நிலையில் அவன் இளவரசன். எனவே ஆளைத் தீர்மானிப்பது தலையன்று, உடலுமன்று. தொடர்ந்து வரும் நினைவே.

இவ்விடையை ஏற்பின், பாவையைப் பற்றிய ஓர் உண்மை புலனாகும். பாவைக்கு நினைவு இல்லை, தாயும் இல்லை. அதனைத் தன் மகன் என்று அழைக்கும் உமையவள் எவளும் இல்லை. ஆகவே பாவையைப் பொறுத்தவரை முகம் ஒன்றே ஆள். அதன் ஆள்மை முழுவதும் உயிருள்ள ஒருவரிடமிருந்து பெற்ற இரவல். ஒரு நடிகரின் தலையை ஒரு பாவையுடலிற் பொருத்துபவர், சொல்லாமலே ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார்: "இவர் இன்னார், இவ்வாறு நிற்கிறார்." தலை எழுவாயாகின்றது, உடல் பயனிலையாகின்றது. கொலைஞனின் சீருடையில் நின்றாலும் துறவியின் உடையில் நின்றாலும் கூற்று அந்த முகத்துக்கு உரியவரைப் பற்றியதே.

பழைய உரோமர் இதனை நன்குணர்ந்திருந்தனர். சிலைகளின் தலைகள் மாற்றப்படும் வழக்கத்தைப் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கண்டித்தார். ஒகஸ்தஸ் சிலையொன்றின் தலையை அகற்றித் திபேரியஸின் தலையை வைத்தார் என்பது, கி.பி. 15 இல் பித்தினியா மாகாணத்தை ஆண்ட கிரானியஸ் மர்செல்லஸ் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று என்று டசிற்றஸ் எழுதுகின்றார். கிரேக்கக் கடவுளரின் சிலைகளைக் கொணர்ந்து, தலைகளை நீக்கித் தன் தலையை வைக்கக் கலிகுலா எண்ணினான் என்பது சுவெற்றோனியஸ் தரும் செய்தி. றோட்ஸ் தீவினரோ தலையைக்கூட மாற்றவில்லை. பழைய சிலையில் இருந்த பெயரை அழித்துப் புதியவரின் பெயரைப் பொறித்தனர். அதுவே பெரும் அநீதி என்று பிரூசா நகரத்துத் தியோன் அவர்கள் முன்னிலையில் ஒரு நீண்ட சொற்பொழிவு நிகழ்த்தினார்.

உரோமச் சிலைக்கும் இக்காலப் பாவைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஒகஸ்தஸின் உடல் ஒகஸ்தஸுக்கு உரியது. அதன்மேல் வேறு தலையை வைத்தல் உடலுக்கு உரியவருக்குச் செய்த இழுக்கு. பாவையின் உடலோ எவருடையதும் அன்று. ஆகவே அங்கே தவறு ஏதேனும் நிகழுமாயின் அது முகத்துக்கு உரியவருக்கே நிகழும்.

உழைப்பினால் வரும் உரிமை

கைவினைஞரின் பக்கத்து வலுவான வாதம் உழைப்பைப் பற்றியது. எவருக்கும் சொந்தமில்லாத ஒன்றோடு ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்பொழுது அது அவனுடைமையாகின்றது என்று லொக் தமது அரசியல் நூலில் வாதித்தார். கைவினைஞரும் தம் உழைப்பைக் கலந்துள்ளார். எனவே தலை அவருடையது.

இவ்வாதத்திற்கு இரு தடைகள் உள. முதலாவது, றொபேட் நொசிக் 1974 இல் எழுப்பிய வினா. தனக்குச் சொந்தமான ஒரு பேணி தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலக்குபவன் கடலைத் தன்னுடைமை ஆக்கிக்கொள்கிறானா, அன்றிச் சாற்றை இழக்கிறானா? உழைப்பைக் கலத்தல் மட்டுமே உரிமை தருவதாயின், பிறர் முகத்திற் கலந்த உழைப்பு கடலில் ஊற்றிய சாறாகவே முடியலாம். இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. உழைப்பே உரிமைக்கு ஊற்று எனின், நடிகருக்கும் தம் முகத்தில் உரிமை இல்லை. அவர் அதனைச் செய்யவில்லை. தாய் தந்தையரிடமிருந்து கேளாமலே பெற்றார். அழகிய முகம் உழைத்துப் பெற்ற கூலியன்று. உழைப்புக் கொள்கையை இறுதிவரை பின்பற்றினால் முகம் எவருக்கும் உரியதன்று என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கும்.

ஆயின் இத்தடைகள் கைவினைஞரின் முறைப்பாட்டை முற்றாக வீழ்த்துவன அல்ல. முகமும் தலையும் ஒன்றல்ல. முகம் உயிருள்ளவரிடம் இருப்பது, கணந்தோறும் மாறுவது. திரைப்படம் ஒரு செக்கனுக்கு 24 படங்களாக அம்முகத்தைக் காட்டுகின்றது. தலையோ ஒரேயொரு பாவத்தில் நிலைத்து நிற்பது. அளவற்ற பாவங்களுள் எதனை நிறுத்துவது, சினத்திற்கும் சோர்வுக்கும் இடைப்பட்ட எந்தக் கணத்தை அவர் என்று கொள்வது என்பதைக் கைவினைஞர் தெரிந்தெடுக்கிறார். முகம் அவருடையதன்று, ஆனால் அத்தெரிவு அவருடையது. மறுவார்ப்பாளர் எடுத்துக்கொள்வது நடிகரின் முகத்தை மட்டுமன்று, இத்தெரிவையுமே.

ஓர் உவமையால் இதனை விளக்கலாம். ஒருவன் பிறனுடைய வயலில் அனுமதியின்றி உழுது நெல் விளைவிக்கிறான். கதிர் முற்றிய இரவிலே மூன்றாமவன் ஒருவன் வந்து அறுத்துச் செல்கிறான். பிடிபட்டபொழுது அவன், "இந்நிலம் இவனுடையதன்று, ஆதலின் நான் இவனிடம் எதனையும் எடுக்கவில்லை" என்கிறான். அவன் கூற்றின் முதற்பாதி உண்மை. ஆயினும் அவ்வுண்மையைச் சொல்லும் தகுதி அவனுக்கு இல்லை. நிலத்துக்கு உரியவனே உழுதவனை வினவலாம். அறுத்தவன் அவ்வழக்கைத் தனக்குக் கேடயமாக்கும்பொழுது இருவருக்கும் தீங்கிழைக்கிறான். எனவே ஒரு தவறு பிறிதொரு தவறைக் கழுவாது. மறுவார்ப்பாளர் கைவினைஞருக்குப் பிழை செய்கிறார். கைவினைஞர் நடிகருக்குப் பிழை செய்தாரா என்பது தனி வழக்கு. முன்னது பின்னதைத் தீர்க்காது. பின்னது முன்னதை அழிக்காது.

சட்டம் கண்ட வழி

அத்தனி வழக்கை அமெரிக்க நீதிமன்றங்கள் பன்முறை விசாரித்துள்ளன. 1953 இல் இரு சூயிங்கம் கம்பனிகள் பேஸ்போல் ஆட்டக்காரரின் ஒளிப்படங்களுக்காக வழக்காடியபொழுது, ஒருவரின் உருவத்துக்கு உள்ள வணிகப் பெறுமதி அவருடைய உரிமை என்று நியூயோர்க்கிலிருந்த கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிமையில் விடப்படும் உரிமையினின்றும் இது வேறானது. இது விலை பேசும் உரிமை. 1956 இல் மறைந்த பேலா லுகோசி என்னும் நடிகரின் திராகுலா உருவத்தை நிறுவனமொன்று வணிகப் பொருள்களிற் பொறிக்க உரிமம் வழங்கியதை அவருடைய மனைவியும் மகனும் எதிர்த்தனர். அவ்வுரிமை அவரோடு மறைந்தது என்று கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1979 இல் முடிவு செய்தது. பின்னர் சட்டமன்றம் அதனை மாற்றி, 1985 முதல் இறந்தோரின் முகத்துக்கும் 50 ஆண்டுப் பாதுகாப்பு வழங்கியது. 1999 இல் அது 70 ஆண்டாயிற்று.

பாவைத் தலைகளுக்கு மிக நெருங்கியது 1997 ஆம் ஆண்டின் வழக்கு. 'சியர்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் உரிமையாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று, விமான நிலைய மதுச்சாலைகளில் இரு இயந்திரப் பொம்மைகளை இருத்தியது. தொடரில் நடித்த ஜோர்ஜ் வென்ற், ஜோன் ரட்சென்பேர்கர் ஆகிய இருவரும் அவை தம் உருவங்கள் என வழக்காடினர். கதைமாந்தர் நிறுவனத்துக்கு உரியவராயினும் முகம் நடிகருக்கே உரியது என்னும் வாதத்துக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் இடமளித்தது. 2001 இல் ஓவியர் ஒருவர் தம் கையால் வரைந்த மூன்று நகைச்சுவை நடிகரின் உருவத்தை ரீசேட்டுகளிற் பதித்து விற்றமை பற்றிய வழக்கில், கலிபோர்னிய உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. கலைஞர் அவ்வுருவத்துக்குத் தம்முடையதாக எதனையேனும் சேர்த்து அதனை மாற்றியமைத்தாரா, அன்றி உள்ளவாறே காட்டினாரா என்பதே அது. அவ்வோவியர் வழக்கிலே தோற்றார்.

இவ்வளவுகோலைக் கைவினைத் தலைக்குப் பிரயோகித்தால் ஒரு முரண் தோன்றும். கைவினைஞரின் திறமை முழுவதும் உள்ளவாறே காட்டுவதில் அடங்கியுள்ளது. எவ்வளவுக்கு அவர் தம் கலையில் வெல்கிறாரோ அவ்வளவுக்குச் சட்டத்தின் முன் தோற்கிறார். முகம் பொருந்தாத தலையைச் செய்தவர் குற்றமற்றவர். அச்சொட்டாகச் செய்தவர் குற்றவாளி. இம்முரண் சட்டத்தின் குறைபாடு மட்டுமன்று. முகத்தைச் சட்டம் விலையுள்ள பண்டமாகவே காண்கின்றமையே இதன் மூலம். யாவும் விலையுடையவை அல்லது மாண்புடையவை. விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புடையதற்கு ஈடே இல்லை என்று இமானுவேல் கான்ற் 1785 இல் வகுத்தார். பாவைத் தலைக்கு ஈடு உண்டு. ஆலையே ஈடு தருகின்றது. முகத்துக்கு ஈடு இல்லை. விலைபேசும் உரிமையை மட்டும் நடிகருக்கு வழங்கும் சட்டம், ஈடற்ற ஒன்றை ஈடுள்ள பொருள்களின் வரிசையில் வைத்துவிட்டு, அதற்கு நல்ல விலை பெற்றுக்கொடுத்தேன் என்று மகிழ்கின்றது.

ஒரு மறுப்பு

இனி, எதிர்த்தரப்பாரின் நியாயமும் கேட்கப்படல் வேண்டும். முகம் அதனையுடையவருக்கே முற்றிலும் உரியதெனின் உருவக்கலை என ஒன்று இருத்தல் இயலாது. கேலிச்சித்திரம் இராது, கொடியவரைக் கொடியவராகக் காட்டும் சிலை இராது. அன்றியும் ஒருவரின் முகத்தை அவர் தாமே கண்டதில்லை. கண்ணாடி காட்டுவது இடம்வலம் மாறிய நிழல். முகம் பிறருக்காகவே இருப்பது. பிறர் கண்களிலேயே அது நிறைவெய்துவது. காண்போரின் நினைவிலும் அன்பிலும் வாழும் ஒன்றை ஒருவரின் தனியுடைமை என்று வேலியடைத்தல் எங்ஙனம் தகும்? இளமையில் மனத்தைக் கவர்ந்த ஒரு முகத்தை வாரக்கணக்கில் கண்ணயராது வடிப்பவரைக் கள்வர் என்பதிலும் அடியார் என்பதே பொருத்தமாகலாம்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. கலைஞன் மூலத்தினின்றும் மும்மடங்கு விலகியவன் என்று பிளேற்றோ குடியரசில் இகழ்ந்தான். ஆயின் பார்வை என்னும் செயலை அவன் போதிய அளவு மதிக்கவில்லை எனலாம். ஒரு முகத்தை வடிப்பவர் அதனை எவரும் பாராத அளவுக்குப் பார்க்கிறார்: இடப்புருவம் சற்றே தாழ்ந்திருப்பதை, சிரிக்குமுன் உதட்டோரம் அசைவதை. மறுவார்ப்பாளர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டும் அச்செடுக்கலாம். சிலிக்கோன் அவருக்காகப் பார்க்கும். இருவருக்கும் உள்ள அறவேறுபாடு இதிலேயே தங்கியுள்ளது. எனினும் பார்வை பாவமன்னிப்பு அன்று. பிறரது முகத்தோடு எதிர்ப்படுவதே அறத்தின் தொடக்கம் என்று இமானுவேல் லெவினாஸ் 1961 இல் எழுதினார். முகம் என்பது பார்ப்பதற்குக் கிடைக்கும் ஒரு பொருளன்று. பார்ப்பவனை நோக்கிக் கட்டளையிடும் ஒன்று. அக்கொள்கையின்படி நெடுநேரம் பார்த்தவர் உரிமை பெறுவதில்லை. அவர் பொறுப்பே பெறுகிறார்.

உடைமையன்று, கடன்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, முகம் எவர் உடைமை என்னும் வினாவே பிழையாக அமைந்தது எனத் தோன்றுகின்றது. உழைப்பால் அது எவருடைமையும் ஆகாது; சட்டத்தால் அது பண்டமாகின்றது; அன்பாலோ அது அனைவருடையதும் ஆகிவிடுகின்றது. உடைமை என்னும் சொல்லை நீக்கிக் கடன் என்னும் சொல்லை வைத்தால் வழக்குத் தெளிவுறும். முகத்தை எடுத்து ஆள்பவர் கடன்பட்டவர். கடன்படுதல் குற்றமன்று, மறுத்தலே குற்றம்.

முதற்கடன் முகத்துக்கு உரியவருக்கு. அவர் வேண்டாம் என்றால் நிறுத்துதலும், அவர் நாணக்கூடிய உடலின்மேல் அவர் தலையை வைக்காமையும் இக்கடனின்பாற்படும். தலை எழுவாயும் உடல் பயனிலையும் ஆதலாற் பொய்வாக்கியம் அமைத்தல் ஆகாது. இரண்டாங் கடன் முன்னே வடித்தவருக்கு; அவர் தெரிவை எடுத்தவர் அவர் பெயரை மறைத்தலாகாது. மூன்றாங் கடன் வாங்குபவருக்கு. இன்று கணினியில் வடித்து முப்பரிமாண அச்சிற் பெறும் தலைகளும் கையால் வடித்தவையும் ஒரே பெட்டியில் வருகின்றன. இரண்டும் நல்லனவாகலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்றல் ஆகாது.

இவ்வளவையும் ஏற்கும் கைவினைஞரே மறுவார்ப்பாளரை நோக்கிக் களவு என்று கூறும் தகுதி உடையவர். ஏனெனில் அவர் கூற்று அவரையும் பிணிக்கின்றது. "என் தலையை ஏன் கேளாது எடுத்தாய்?" என்று கேட்கும்பொழுதே, "என் முகத்தை ஏன் கேளாது எடுத்தாய்?" என்னும் குரலுக்குச் செவிகொடுக்க அவர் ஒருப்படுகிறார். தாம் கேட்கும் வினாவுக்குத் தாமே விடையிறுக்க அஞ்சுபவரின் முறைப்பாடு, உண்மையாயினும், நீதியாகாது.

இஃது ஒரு சில சேகரிப்பாளரின் பொழுதுபோக்குப் பற்றிய சிறு வழக்கு என்று ஒதுக்கிவிடுதல் இனி இயலாது. 2023 இல் அமெரிக்கத் திரைநடிகர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது, கணினியில் ஆக்கப்படும் தம் உருவப்பிரதிகளுக்குத் தம் இசைவு வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. றெசினில் நான்கு சென்ரிமீற்றராக இருந்த வினா திரையளவாகிவிட்டது. ஒளிப்படம் ஒன்று இருந்தாற் போதும், எவர் முகத்தையும் எவ்வுடலிலும் பொருத்தலாம் என்னும் காலம் வந்துவிட்டது. கலிகுலாவுக்குச் சிற்பிகளும் கப்பல்களும் வேண்டியிருந்தன. இன்று அவை வேண்டியதில்லை. புகழ் பெற்றவருக்கேனும் விலைபேசும் உரிமை உண்டு. விலைபேச ஒன்றுமில்லாத எளிய மாந்தரின் முகத்துக்கு மாண்பு ஒன்றே காப்பு.

ஹரிசன் ஃபோர்ட் என்னும் நடிகரின் மோவாயில் ஒரு தழும்பு உண்டு. அது அவர் இளமையில் ஒரு கார் விபத்தினாற் பெற்றது. 1989 இல் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் திரைப்படம் அத்தழும்புக்கு ஒரு கதை புனைந்தது: சிறுவனாயிருந்த கதைநாயகன் சிங்கத்தை விரட்டச் சவுக்கை வீசியபொழுது அது அவன் மோவாயிலேயே பட்டது என்று. மனிதனின் காயம் கதைமாந்தனின் காயமாயிற்று. அந்நாயகனின் தலையை வடிக்கும் ஒவ்வொரு கைவினைஞரும் ஊசிமுனையால் அத்தழும்பைக் கீறியே தீரவேண்டும். அஃதின்றேல் முகம் பொருந்தாது. 1964 இல் ஒரு நிறுவனம் எவருடையதும் அல்லாத முகத்தை உடைமையாக்கும் பொருட்டு ஒரு தழும்பை இட்டது. இத்தழும்போ எவரும் உடைமையாக்கும் பொருட்டு இட்டதன்று. ஒரு மனிதன் வலியோடு பெற்றது. அதனைக் கீறும் கை, பிறர் நோவொன்றைத் தான் இரவல் பெறுகின்றது என்பதை ஒரு கணமேனும் உணருமாயின், அறம் அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.